உத்திரமேரூர் போன்ற ஓர் ஏரிப்பாசன ஊரின் ஆவணங்களைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைக் குடவோலைக் கல்வெட்டால் நாடே அறியும். அந்த ஊரிலும் அதைச் சுற்றியுள்ள நெல் விளையும் ஊர்களிலும் நமக்கு முந்தைய நான்கைந்து தலைமுறையினர் எழுதிவைத்த காகிதங்கள் என்னவாயின என்று கேட்பவர்தாம் குறைவு. ஊர்க் கணக்குகளையும் பத்திரங்களையும் திரட்டிக் காக்க முற்படுவோர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும், உத்திரமேரூரும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. முறைகள் ஏரியை நம்பி வாழ்ந்த எந்தத் தமிழ்நாட்டு ஊருக்கும் பொருந்தும்.

ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கும் ஊரில் பழைய காகிதத்துக்கு என்ன வேலை?

முதற்பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் உத்திரமேரூர்ச் சபை செய்த ஏற்பாடுகள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை வழியாக, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலிய நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை விரிவாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அவற்றில் ஒரு விதி.

அந்த விதியைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கணக்குக் காட்ட வேண்டும் என்ற ஏற்பாடு கல்லில் இருக்கிறது. காட்டப்பட்ட கணக்கு ஓலையில் இருந்தது, அது அழிந்துவிட்டது. ஆகவே ஏரி வாரியத்துக்கு யார் வரலாம் என்பது நமக்குத் தெரியும். எந்த ஆண்டு எந்த மதகு உடைந்தது, கரைக்கு மண் போட எத்தனை பேர் வந்தார்கள், கூலியாக எவ்வளவு நெல் அளந்தார்கள் என்பவை தெரியா. ஊரின் அன்றாட வாழ்க்கை முழுதும் இந்த இரண்டாவது வகைச் செய்தியில்தான் இருக்கிறது. சென்ற நூற்றைம்பது ஆண்டுகளைப் பொறுத்தவரை அது காகிதத்தில் எழுதப்பட்டது. இன்று பரண்களில் இருப்பதைக் காப்பாற்றாவிட்டால், நம் பேரப்பிள்ளைகள் நம் தாத்தாக்களைப் பற்றிச் சோழர் காலத்தவரைப் பற்றி அறிவதைவிடக் குறைவாகவே அறிவார்கள்.

எந்தக் காகிதத்தை எடுத்துவைப்பது, எதைக் கழிப்பது?

முதல் சுற்றில் எதையும் கழிக்க வேண்டாம். அரச முத்திரையோடு கூடிய சாசனம் கிடைத்தால்தான் வரலாறு என்று எண்ணுவோர், குப்பை என்று ஒதுக்குவதில்தான் ஊர் இருக்கும். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, ஒத்திப் பத்திரம், குத்தகைச் சீட்டு, கடனுறுதிச் சீட்டு, வரி கட்டிய கிஸ்தி ரசீது, கோயில் திருவிழா வரவுசெலவு, ஊராட்சித் தீர்மானப் புத்தகம், கூட்டுறவுச் சங்கத்துப் பங்குச் சீட்டு, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு, நெல் அரவை ஆலையின் பேரேடு, ஆயில் என்ஜின் வாங்கிய பற்றுச்சீட்டு, கல்யாணத்தில் எழுதிய மொய் நோட்டு, பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த அஞ்சலட்டை ஆகிய எல்லாமே ஆவணந்தான்.

இவற்றில் மொய் நோட்டைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆண்டு தெரிந்த ஒரு மொய் நோட்டில், அந்த வீட்டுக்கு எந்தெந்த ஊர்களோடு உறவு இருந்தது, யார் பணமாகவும் யார் நெல்லாகவும் செய்தார்கள், எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை என்பன எல்லாம் வரிசையாகக் கிடக்கும். எந்த மாவட்டக் கையேட்டிலும் இது கிடைக்காது.

பழைய ஊர்க் கணக்குகள் யாரிடம் இருக்கும்?

கணக்குப்பிள்ளை வீட்டில். தமிழ்நாட்டில் பரம்பரையாக வந்த பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. கர்ணம் எனப்பட்ட கணக்குப்பிள்ளையும், ஊர்த் தலைவரான மணியக்காரரும் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நடைமுறையிலிருந்த கணக்குகளைப் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வழக்கொழிந்த பழைய கணக்குகளை யாரும் கேட்கவில்லை. தாத்தாவின் தாத்தா எழுதியவை அந்தந்த வீட்டுப் பரணிலேயே தங்கின. பிறகு ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டும்போது, எடைக்குப் போட்டவை போக எஞ்சியவையே இன்று நமக்குக் கிடைக்கின்றன.

இந்த வீடுகளுக்குப் போகும்போது ஒரு மரியாதை வேண்டும். பதவி பறிபோன வருத்தம் சில குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. வேறு சில ஊர்களிலோ, அந்தக் கணக்கு எழுதிய கையால் நிலம் இழந்தவர்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். “ஐயா, உங்கள் தாத்தா எழுதிய எழுத்தைப் பார்க்க வந்தோம்” என்று சொல்லி நுழைவதே நல்லது. “பழைய பட்டா இருக்கிறதா?” என்று கேட்டால், ஏதோ வழக்குக்காக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள்.

அரசு அலுவலகங்களில் எதைக் கேட்க வேண்டும்?

நான்கு இடங்களைச் சொல்கிறேன். முதலாவது வட்டாட்சியர் அலுவலகம். நிலவரித் திட்டப் பதிவேடு, புல எண்வாரியாக நில விவரம் தரும் ‘அ’ பதிவேடு, புலங்களின் அளவு வரைபடங்கள் கொண்ட புலப்படச் சுவடி, ஆண்டுதோறும் பயிர் விவரம் எழுதும் அடங்கல் ஆகியவை அங்கே கிடைக்க வேண்டியவை. 1979 முதல் 1987 வரை நடந்த, யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டைத்தான் நாம் தேடுகிறோம். அதன் கடைசிப் பத்தியான குறிப்புரையை விட்டுவிடாமல் படிக்க வேண்டும். காரணத்தைக் கீழே வேறொரு கேள்வியில் சொல்கிறேன்.

இரண்டாவது சார்பதிவாளர் அலுவலகம். அசையாச் சொத்துகள் பதியப்படும் முதலாம் புத்தகத்தை, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். உயில்கள் பதியப்படும் மூன்றாம் புத்தகத்துக்கு அந்த உரிமை இல்லை.

மூன்றாவது இடத்தைப் பலர் அறியமாட்டார்கள். 1883-இல் சென்னை மாகாண அரசு ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வோர் ஏரியாக அளந்து குறிப்பேடு எழுதிவைத்தது. பொறியாளர்கள் இன்றும் அதை ‘டேங்க் மெமாயர்’ என்றே சொல்வார்கள். கரையின் நீளம், மதகுகளின் அடிமட்டம், உபரிநீர் வழியும் கலங்கலின் அகலம், கொள்ளளவு, ஏரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பாகிய ஆயக்கட்டு, மேலே எந்த ஏரியின் உபரிநீர் வருகிறது, கீழே எதற்குப் போகிறது என்ற சங்கிலித்தொடர் யாவும் அதில் இருக்கும். நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பதால், அந்தத் துறையின் கோட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். பல்லவர் காலத்து வைரமேகத் தடாகமாகிய உத்திரமேரூர் ஏரி போன்ற பெரிய ஏரி உள்ள ஊருக்கு இதைவிட முக்கியமான காகிதம் வேறில்லை என்பேன்.

நான்காவது, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸாக அங்கே அமைந்து, 1973-இல் இப்போதைய பெயரைப் பெற்ற அந்தக் கட்டடத்தில், வருவாய் வாரிய நடவடிக்கைகளும் மாவட்டப் பதிவுகளும் உள்ளன. அங்கே போவதற்கு முன்பே, தேடும் பொருளின் துறையையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். “எங்கள் ஊரைப் பற்றி என்ன இருக்கிறது?” என்று கேட்டால் எந்த உதவியாளராலும் எடுத்துத்தர முடியாது, ஏனெனில் ஊர்வாரியாக எதுவும் அடுக்கப்படவில்லை.

அலுவலகத்தில் கிடைக்காதபோது, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுச் செய்யலாம். 20 ஆண்டுகளுக்கு முன் நடந்தவற்றைப் பற்றிய தகவலுக்கு அந்தச் சட்டத்தின் விலக்குகளில் பெரும்பாலானவை பொருந்தா. ஆனால், பதிவேடு எங்கே இருக்கிறது என்று நேரில் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிக் கேட்ட மனுவுக்கே உருப்படியான பதில் வரும்.

1767-இல் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறதாமே?

உண்மைதான். 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டு ஜாகீர், அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு கொடுக்கப்பட்ட நிலப்பகுதி, கும்பினியார் எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அதை ஊர் ஊராக ஆய்வு செய்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் நிலம், ஏரி, வீடு, விளைச்சல், யாருக்கு எவ்வளவு மானியம், களத்தில் அளக்கும் நெல்லில் தச்சர், கொல்லர், வண்ணார், வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்கட்டி, கோயில், சத்திரம் ஆகியவற்றுக்கு எவ்வளவு பங்கு என்ற விவரங்கள் ஊர்க் கணக்கர்களின் ஓலைகளிலிருந்து எடுக்கப்பட்டன. ஆங்கிலச் சுருக்கங்கள் எழும்பூர்க் காப்பகத்திலும், ஓலைக் கட்டுகள் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன.

இதன் அருமை காலத்தில் இருக்கிறது. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் இந்த வட்டாரம் பாழ்பட்டது. அதற்குப் பின் வந்த கணக்குகள் எல்லாம் சிதைந்து மீண்டு வந்த ஊர்களின் கணக்குகள். பார்னார்டின் கணக்கோ அந்தச் சிதைவுக்கு முந்தையது. உங்கள் ஊர் பழைய ஜாகீரில் இருந்திருந்தால், தேடலை இங்கிருந்து தொடங்குவது உழைப்பை மிச்சப்படுத்தும். ஊர்ப்பெயர்கள் வேறு எழுத்தில் இருக்கும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைத் திறந்தால் ஓர் எழுத்தும் புரியவில்லை. என்ன செய்வது?

எழுத்து புரியாமல் போவதில்லை. குறியீடுதான் புரியாமல் போகிறது. ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ‘தாது௵ ஐப்பசி௴ ௰௨௳’ என்று தொடங்குகிறது. ௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ நாள். ௰ என்பது பத்து, ௨ என்பது இரண்டு. ஆக, தாது வருடம் ஐப்பசி மாதம் 12-ஆம் தேதி. அடுத்த வரியில் ௸ என்றிருந்தால் மேற்படி. ௷ வரவு, ௶ பற்று, ௹ ரூபாய், ௺ எண். இவ்வளவையும் ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டால், பாதிப் பேரேடு திறந்துவிடும்.

இடமதிப்பு முறை வருவதற்கு முன் எழுதியவர்கள் 1876-ஐ ௲௮௱௭௰௬ என்று எழுதினார்கள். ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு என்று வாயால் சொல்வதைப் போலவே எழுத்தும் போகும். தமிழ் எண்கள் எழுத்துகளைப் போலவே இருப்பதால், ௧-ஐ ‘க’ என்றும் ௭-ஐ ‘எ’ என்றும் வாசித்து ஒருவருடைய பெயரின் முதலெழுத்தாக்கிவிடும் பிழை எல்லோருக்கும் நேரும். ஏட்டின் தலைப்பில் தனித்து நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று கூட்டலில் சேர்த்துவிட்டு அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

அடுத்தது பின்னங்கள். கால், அரை, முக்கால் தெரியும். அரைக்கால் என்பது 1/8, வீசம் அல்லது மாகாணி 1/16, மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, முந்திரி 1/320. இங்கே ஒரு குழப்பம் உண்டு. காணி பின்னமாகவும் வரும், நில அளவாகவும் வரும். தொண்டை மண்டலத்தில் ஒரு காணி நிலம் 24 மனை, அதாவது ஏறத்தாழ 1.32 ஏக்கர். தஞ்சைப் பக்கத்து வேலியும் மாவும் வேறு கணக்கு. எந்த வட்டாரத்துக் காகிதம் என்று தெரியாமல் அளவை மாற்றிப் போடக்கூடாது.

ஆண்டைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உள்ளன. வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு இருக்கும். அது ஜூலை 1-இல் தொடங்கும்; பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் தொடக்கத்தின் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. வீட்டுக் கணக்குகளில் பிரபவ முதலான அறுபது ஆண்டுப் பெயர்கள் இருக்கும். தாது வருடம் 1876-இலும் வந்தது, 1936-இலும் வந்தது. எது என்று முடிவு செய்யக் காகிதத்தையும் மையையும் முத்திரைத் தாளையும், உள்ளே சொல்லப்படும் செய்தியையும் பார்க்க வேண்டும். ஐப்பசியில் விளைந்த நெல்லுக்குப் பதில் விதைநெல்லையும் மாட்டையும் விற்ற வரவுகள் அடுத்தடுத்து வந்தால், அது பெரும்பாலும் முந்தைய தாது. நம் பாட்டிமார் பஞ்சத்துக்கே பெயராக வைத்த தாது.

பூச்சி அரித்த கட்டு கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்வது?

பிரிக்காதீர்கள். முதலில் அது இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுங்கள்: எந்தப் பெட்டி, எந்தத் துணி, எந்தக் காகிதத்தின் மேல் எந்தக் காகிதம் என்பது தெரிய வேண்டும். ஒரு கட்டில் கட்டப்பட்டவை ஒரு வழக்குக்காகவோ ஒரு பாகப்பிரிவினைக்காகவோ சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அந்த வரிசையைக் கலைத்தபின் எந்த அறிஞராலும் அதை மீட்க முடியாது. நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிவிட்டுப் போன ஒரு பெட்டியைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கரையான் செய்ததைவிடவும் அது பெரிய சேதம்.

பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் விரித்து, மென்மையான தூரிகையால் தையல் விளிம்பிலிருந்து வெளிநோக்கித் தூசியைத் தள்ளுங்கள். குண்டூசியும் ஸ்டேப்ளர் கம்பியும் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்னும், ஆகையால் மெதுவாக நீக்கிவிடுங்கள். வெயிலில் காயவைக்கக்கூடாது. செல்லோடேப் ஒட்டக்கூடாது, அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தோடு கலந்துவிடும்.

ஓலையாக இருந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு இலேசாகத் தடவலாம். அது ஓலையை நெகிழ்வாக்கிப் பூச்சியையும் விலக்கும். அந்த எண்ணெயைக் காகிதத்தில் தடவிவிட வேண்டாம். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் பெட்டிக்குள் துணிமுடிப்பாக வைக்க நம் முன்னோர் கண்ட வழி. கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி ஈரச்சுவரோரம் பெட்டியை வைத்தால் பயனுமில்லை. இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் அமைதியும் வேண்டும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதே சிறந்த மருந்து.

லேமினேஷன் செய்துவிட்டால் நிரந்தரமாக இருக்குமே?

இருக்காது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒன்றிவிடும், திரும்பப் பிரிக்க இயலாது, உள்ளே சிக்கிய அமிலமும் ஈரமும் வெளியேறாது. தாளைப் பாதுகாக்க வேண்டுமானால் அமிலமற்ற காகித உறையில் மடிக்காமல் வைக்கலாம்.

செல்போனில் படம் எடுத்தால் போதுமா?

போதும், சில கட்டுப்பாடுகளோடு. கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் நேர்மேலே ஒரு தாங்கியில் பொருத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னலோர நிழல் வெளிச்சம் போதும். தாளின் நான்கு விளிம்பும் தெரிய வேண்டும், பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும், ஏனெனில் முத்திரைத்தாள் விற்றவர் யாருக்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்கு விற்றார் என்று எழுதிய குறிப்பு அங்கேதான் இருக்கும். பத்திரம் பின்தேதியிட்டு எழுதப்பட்டதா என்பதை அந்தக் குறிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேர்ப்பது பெருந்தவறு. அது படத்தைச் சுருக்கிவிடும், வீசமும் அரைக்காலும் ஒரே கோடாகத் தெரியும். மூலக் கோப்பை அப்படியே இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் வீடும் நகலும் ஒன்றாக நனைந்த கதை நமக்குப் பாடமாக இருக்க வேண்டும்.

கோப்புக்குப் பெயர் வைப்பது சலிப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யாத தொகுப்பு ஒரு கோணிப்பையே. வீட்டுக் குறியீடு, கட்டு எண், தாள் எண், முன்பக்கமா பின்பக்கமா என்ற நான்கும் பெயரில் வரட்டும். ஆண்டையும் ஆளையும் தனிப் பட்டியலில் எழுதுங்கள், ஏனெனில் வாசிக்க வாசிக்க அவை மாறும்.

அசலை வாங்கிவந்து ஓரிடத்தில் அருங்காட்சியகமாக வைக்கலாமா?

என் கருத்து, கூடாது என்பதே. ஊர் நூலகத்து அலமாரியில் பூட்டிவைத்த அசல், சாவி வைத்திருந்தவர் மாறியதும் காணாமற்போவதை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் தம் காகிதத்தின் மதிப்பை உணர்ந்துவிட்டால், அவரைவிட நல்ல காவலர் இல்லை. படம் எடுத்து, ஒரு பிரதியை அச்சிட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, அசலை நல்ல உறையில் போட்டு அவரிடமே திருப்பித் தந்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் இதே நெறியில்தான் நடக்கிறது: அசல் அந்தந்த நாட்டிலேயே இருக்கும், படி மட்டும் பகிரப்படும். அதன் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், 1650 முதல் 1950 வரையிலான தமிழக வேளாண் வரலாற்று ஆவணங்களைத் தனியார் வீடுகளில் தேடிப் படமெடுத்தது. ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளுக்கும் அதேபோல் ஒரு பணி நடந்தது. வீட்டார் மனமுவந்து அசலையே தந்துவிட விரும்பினால், அச்சிட்ட நூல், இதழ், துண்டறிக்கை ஆகியவற்றுக்கு 1994 முதல் சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், ஓலைச்சுவடிக்குக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையும் நாடலாம்.

இவற்றை வைத்திருப்பது சட்டப்படி குற்றமா?

இல்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், 75 ஆண்டுகளுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணத்தைத் தொல்பொருளாகக் கருதுகிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது தடைசெய்யப்பட்டுள்ளது. வெளிநாட்டிலிருக்கும் மகனுக்குத் தாத்தாவின் ஓலையைப் பரிசாகக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் படத்தை அனுப்பினால் போதும். அரசு அலுவலகத்துக்குரிய பதிவேடு பழைய கடையில் கிடைத்தால், அது வேறு விஷயம். அதை உரிய அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நல்லது.

சாதிப் பெயரும் கடன் விவரமும் உள்ள காகிதங்களை வெளியிடலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை, நான் தயங்கித் தயங்கியே இதை எழுதுகிறேன். பண்ணையாளாக ஒருவர் தம்மையும் தம் மகனையும் எழுதிக்கொடுத்த கடன் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவர் வீட்டுப் பெட்டியில் அது கிடைக்கிறது; எழுதிக்கொடுத்தவரின் பேரன் இதே ஊரில் ஆசிரியராக இருக்கிறார். அது அவருடைய குடும்ப வரலாறும்கூட. பெட்டிக்காரரிடம் பெற்ற அனுமதி மட்டும் அங்கே போதாது. அந்தப் பேரனிடமும் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். வெளியிடுவதைத் தள்ளிப்போடலாம், ஆனால் காகிதத்தை அழிக்கவோ சொல்லைத் திருத்தி எழுதவோ கூடாது.

மறைப்பதாலும் அநீதி நேரும் என்பதற்கு இந்த மாவட்டமே சான்று. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1892-இல் அவர்களுக்குத் தனியே நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுவே பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்த நிலங்கள் எப்படியெல்லாமோ கைமாறின. 1994-இல் இதே வட்டாரத்துக் காரணையில் நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஒரு நிலம் பஞ்சமி நிலந்தான் என்று நிறுவப் பழைய ‘அ’ பதிவேட்டின் குறிப்புரைப் பத்தியிலுள்ள ஓரிரு சொற்களைத் தவிரப் பெரும்பாலும் வேறு சான்று கிடைப்பதில்லை. முந்தைய பதிவேட்டை ஏன் தேடச் சொன்னேன் என்பது இப்போது விளங்கும்.

ஆவணத்தில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா?

காகிதம் எழுதியவரின் தேவைக்கு எழுதப்பட்டது. முத்திரைக் கட்டணத்தைக் குறைக்கக் கிரயத் தொகையைக் குறைத்துக் காட்டுவது வழக்கம். 1955-இல் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், உண்மையில் உழுதவரின் பெயர் அடங்கலில் ஏறாமல் பார்த்துக்கொண்ட நிலக்கிழார்கள் பலர். 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) என்றது, 1970-இல் அது 15 ஆயிற்று. அந்த ஆண்டுகளை ஒட்டிப் பாகப்பிரிவினையும் தானப் பத்திரமும் கொத்துக்கொத்தாக எழுதப்பட்டிருந்தால், குடும்பங்களில் திடீரென்று பாசமோ பகையோ பெருகிவிட்டதாக வரலாறு எழுதிவிடாதீர்கள்.

ஆகவே ஒரு காகிதத்தை இன்னொன்றின் அருகே வைத்துப் படிக்க வேண்டும். அடங்கலில் ஒரு போகம் நெல் என்று இருக்கிறது. அதே ஆண்டு ஆலைப் பேரேட்டில் அந்தப் பெயருக்கு ஒரு மூட்டைகூட இல்லை. ஏரி அந்த ஆண்டு நிரம்பவில்லை என்று மதகைப் பார்த்த நீர்கட்டியின் மகன் சொல்கிறார். மூன்றில் எது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் சுவை.

காகிதத்தில் பெயரே இல்லாதவர்களை எப்படிச் சேர்ப்பது?

நடவு நட்ட பெண்கள் எந்தக் கணக்கிலும் பெயராக இல்லை, ‘பெண்ணாள் ௮’ என்று எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள். அவர்களைக் காண, கேட்டு எழுதுவதைத் தவிர வழியில்லை. கேட்கும்போது கையில் ஒரு காகிதத்தைக் கொண்டுபோங்கள். “அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?” என்று கேட்டால், “என்னத்தைச் சொல்ல, கஷ்டந்தான்” என்பதோடு முடிந்துவிடும். கூலிக் கணக்கின் ஒரு பக்கத்தை வாசித்துக்காட்டி, “இங்கே எட்டு ஆள் என்று இருக்கிறதே ஆயா, யார் யார் போவீர்கள்?” என்று கேட்டால், எட்டுப் பெயரும் வரும். யார் முதல் பாத்தியில் இறங்குவார், யார் பாட்டெடுப்பார், படி நெல்லை எந்த மரக்காலால் அளந்து ஏய்த்தார்கள் என்பதுவரை வரும். அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, கணக்குத் தாளின் எண்ணையே அதற்கும் கொடுத்துவிடுங்கள்.

பணமும் ஆளும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு மதகின் கீழுள்ள நிலங்களிலிருந்து தொடங்கலாம். அந்த மதகுப் பாசனத்தின் புலப்படத்தையும் பழைய ‘அ’ பதிவேட்டின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் புல எண்களை வரிசையாக எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். விவரம் தெரிந்த இரண்டு மூன்று பெரியவர்களோடு வரப்பில் நடந்து, ஒவ்வொரு நிலத்தையும் ஊரார் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வண்ணான் மானியம், பள்ளிக்கூடத்து மேட்டுக்கழனி, தாசி விட்ட நிலம் என்பனபோல எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பெயர்கள் வெளிவரும். மானியம் என்ற பெயருள்ள நிலத்துக்கு, கொடையாகக் கொடுத்த நிலங்களைக் குறித்த இனாம் பதிவேட்டைத் தேட வேண்டும், கோயிலுக்கு விட்ட நிலம் என்றால் கோயில் கணக்கைத் தேட வேண்டும் என்று அடுத்த வேலை தானே தெரியும்.

நடப்பதற்குத் தை மாதம் அறுவடை முடிந்த வாரங்கள் ஏற்றவை. தண்ணீர் வடிந்து வரப்பு காய்ந்திருக்கும், பெரியவர்களும் களத்துமேட்டில்தான் இருப்பார்கள்.